அணையாத சிவப்பு விளக்கு... பிரேக் சொல்லும் சேதி என்ன?

விடியற்காலையில் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் சிறிய சரக்கு வண்டியாக இருந்தாலும், குடும்பத்தோடு போய்வரும் காராக இருந்தாலும், சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, அதன் இரு பக்கமும் அடைப்புக்குறி போன்ற வளைவு. அதுதான் பிரேக் எச்சரிக்கை விளக்கு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்ததும் அது அணைந்துவிட வேண்டும்.

அணையாவிட்டால், 'மிதித்தால் வண்டி நிற்கத்தானே செய்கிறது' என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். சிலர் கடையில் பிரேக் ஆயில் வாங்கி ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இரண்டுமே ஆபத்து. அந்த ஆயில் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் விட்டால், முழு லோடுடன் மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக் கைவிட்டுவிடலாம். காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வரிசையாகப் பார்த்து வந்தால், பாதி சோதனையை வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம்.

முதலில் ஹேண்ட் பிரேக்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் லீவரை முழுவதுமாகக் கீழே இறக்கிப் பாருங்கள். அதன் அடியில் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. லீவர் கடைசி வரை இறங்கினால்தான் விளக்கு அணையும். களத்துமேட்டில் புழங்கும் வண்டிகளில் மண், உமி, வைக்கோல் துணுக்கு எல்லாம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தாலே பல வண்டிகளில் பிரச்னை தீர்ந்துவிடும். பள்ளம் மேட்டில் குலுங்கும்போது மட்டும் விளக்கு மின்னினால், இந்த சுவிட்ச் அல்லது அதன் ஒயர் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

லீவர் இறங்கியும் பின்சக்கரம் மட்டும் சூடாகி, கருகிய வாடை வந்தால், கேபிள் இறுகிப் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது என்று பொருள். அதை மெக்கானிக்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆயில் குறைய இரண்டு காரணங்கள்

அடுத்து பிரேக் ஆயில் டப்பா. பெரும்பாலான கார்களில் பானட்டைத் திறந்தால், டிரைவர் பக்கத்தில் மாஸ்டர் சிலிண்டர் மேல் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா தெரியும். சரக்கு வண்டிகளில் இடம் மாறும்; வண்டியோடு கொடுத்த கையேட்டில் படம் இருக்கும். டப்பாவின் வெளிப்பக்கம் அதிகபட்சம், குறைந்தபட்சம் என இரண்டு கோடுகள் உண்டு. மட்டம் கீழ்க்கோட்டை ஒட்டி இருந்தால், வளைவில் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஆயில் அலம்பி, விளக்கு விட்டு விட்டு எரியும்.

மட்டம் குறைய முதல் காரணம், பிரேக் பேட் தேய்மானம். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை ஆயில் நிரப்புவதால் டப்பாவில் மட்டம் இறங்கும். இது பல மாதங்களாக மெதுவாக நடக்கும். பேட்டைப் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றினால், 'பேட் தேய்ந்துவிட்டது' என்று வண்டி சொன்ன சேதியை அழித்ததாகிவிடும். பிறகு இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க்கும் வீணாகும். செலவு பல மடங்காகும்.

இரண்டாவது காரணம், கசிவு. ஊற்றிய சில நாட்களிலேயே மட்டம் மீண்டும் இறங்கினால் கசிவு நிச்சயம். நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் பாருங்கள். டிரம் பிரேக் உள்ள சக்கரத்தில் ஈரம் வழிந்திருந்தால் வீல் சிலிண்டர் போயிருக்கலாம். ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய்களின் இணைப்பு, பிரேக் மிதிக்கு மேலே உள்ள பகுதி ஆகியவற்றையும் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்ச்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகும். அங்கே கசிந்தாலும் மட்டம் இறங்கும். மிதியை அழுத்திப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே போகிறது, அல்லது பஞ்சுபோல அமுங்குகிறது என்றால் வண்டியை எடுக்கவே கூடாது.

மட்டம் சரியாக இருந்தும் எரிந்தால்

பல வண்டிகளில் டப்பாவுக்குள் காந்தம் வைத்த ஒரு மிதவை இருக்கும். அது அழுக்கில் சிக்கிக் கீழேயே நின்றாலும் விளக்கு எரியும். டப்பாவை விரலால் மெதுவாகத் தட்டிப் பார்க்கலாம். எளிய அமைப்புள்ள பழைய வண்டிகளில், நிறுத்திய நிலையில் மிதவை சுவிட்ச்சின் ஒயரைக் கழற்றினால் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் பழுது மிதவையில். அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் அல்லது ஒயரிங்கில். சோதனை முடிந்ததும் ஒயரை மறக்காமல் மாட்டிவிடுங்கள். தோட்டத்தில் நிற்கும் வண்டியில் எலி கடித்த ஒயரும் இதே வேலையைச் செய்யும்.

சிவப்பு விளக்கோடு மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால், முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பகிரும் மின்னணு அமைப்பும் செயலிழந்திருக்கலாம். திடீரென மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துவிடும். இதற்கு ஸ்கேனர் வைத்துப் பார்க்கும் பட்டறைதான் சரி.

எந்த ஆயில் ஊற்றுவது?

டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதையே, சீல் உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றுங்கள். டிராக்டருக்கு வாங்கி வைத்த கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், இன்ஜின் ஆயில் எதுவும் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான தரவரம்பு 155 டிகிரிதான். கோத்தகிரியிலிருந்து கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டி, வழிநெடுகப் பிரேக்கை மிதித்தபடி வந்தால், பழைய ஆயில் கொதித்துக் குமிழ் விடும். அப்போது மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் வருவதும் இதற்குத்தான்.

ஓடும்போது விளக்கு எரிந்தால்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதித்துப் பாருங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். மிதி வேலை செய்யாவிட்டால் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வண்டி நிற்கும் வரை இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் மிதி இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

கேள்வி-பதில்

கேள்வி: சாவியைத் திருப்பும்போதுகூட அந்த விளக்கு எரிவதே இல்லை. நல்லதுதானே?

பதில்: இல்லை. பல்ப் அல்லது ஃபியூஸ் போயிருக்கலாம். பழைய வண்டி வாங்கியவர் என்றால், விற்றவர் ஒயரைத் துண்டித்திருக்கவும் கூடும். உடனே சரிசெய்யுங்கள். பழைய வண்டி பார்க்கப் போகும்போது முதலில் இதைச் சோதியுங்கள்.

கேள்வி: பிரேக் விளக்கும் பேட்டரி விளக்கும் ஒன்றாக எரிகின்றன. என்ன காரணம்?

பதில்: சில வண்டிகளில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பழுதானால் இரண்டும் சேர்ந்து எரியும். பிரேக் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.