கேமரா இருக்கிறது, கம்பி இருக்கிறதா?

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை ஆறரை மணி. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா எங்கள் பள்ளிக்கு ஓடி வந்தார். மகள் இன்னும் வீடு வந்து சேரவில்லை. தலைமையாசிரியர் அறையில் எட்டுக் கேமராக்களின் காட்சிகளும் ஒரே திரையில் தெரியும். நுழைவாயில் கேமராவின் பதிவை ஓட்டிப் பார்த்தால், பிள்ளை யாருடன், எந்தப் பக்கம் போனாள் என்று தெரிந்துவிடும். அந்தக் கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. பின்னோக்கித் தேடினோம். கடைசிப் பதிவு பதினோரு நாட்களுக்கு முந்தையது.

ஏழரை மணிக்குத் தகவல் வந்தது. அத்தை மகளோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். நல்லவேளை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்தத் தாய் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காரணம் தேடினோம். கேமராவில் ஒரு பழுதும் இல்லை. ஸ்மார்ட் வகுப்பறைக்கு இணைய இணைப்புக் கொடுக்க வந்தவர், சுவிட்ச் பெட்டியில் இடம் இல்லாததால் ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டுத் தன் கம்பியைச் செருகியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெட்டிக்குள் பதினான்கு கம்பிகள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம், சடை பின்னியதுபோல் கிடந்தன. எது கேமரா, எது கணினி ஆய்வகம் என்று எழுதி வைக்காதவர்கள் நாங்கள்தான்.

நான் கணித ஆசிரியர். இந்த வேலை எனக்குத் தெரியாது. எங்கள் ஊர் எலக்ட்ரீசியனோடு இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை எண் கொடுப்பது. ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனைகளிலும் ஒரே எண் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் எழுதினால் பயனில்லை. பெட்டிக்குள் நின்றுகொண்டு மறுமுனை எங்கே போகிறது என்று தேடுவதுதானே சிக்கல்! வெறும் ஒட்டுத்தாளில் எழுதினால் வெயிலில் மங்கிவிடும். எழுதியதன்மேல் செல்லோ டேப்பைச் சுற்றிவிட்டால் நிற்கும். அதே எண்ணைக் கேமராவுக்குக் கீழே சுவரிலும் பெயிண்டால் எழுதினோம். 'மாடிப்படிக் கேமரா' என்று பெயர் வைக்காதீர்கள். எங்களுக்கு மாடிப்படி இரண்டு.

அடுத்து ஒரு வரைபடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வளாகத்தை அளந்து அளவுத்திட்டத்தோடு வரைந்தார்கள். ஏணியில் ஏறுவதும் மின்இணைப்பைத் தொடுவதும் எலக்ட்ரீசியன் வேலை. பிள்ளைகள் கையில் அளவு நாடா மட்டுமே. அந்த வரைபடத்தால் இன்னோர் உண்மையும் வெளிப்பட்டது. நுழைவாயிலுக்குப் போகும் கம்பியின் நீளம் 118 மீட்டர். நெட்வொர்க் கேபிளுக்கு வரம்பு 100 மீட்டர். அதைத் தாண்டினால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. படம் அடிக்கடி உறைந்து நின்றதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நடுவில் இருக்கும் ஏழாம் வகுப்பறையில் ஒரு சிறு சுவிட்ச் வைத்து அந்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்தோம்.

டி.வி.ஆர். வைத்த பழைய அமைப்பு உள்ள பள்ளிகளில் வேறொரு தொல்லை உண்டு. பகலில் நன்றாகத் தெரியும் கேமரா இரவில் அணைந்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் ஓம் விதிதான் இங்கே விளையாடுகிறது. போக வர மெல்லிய கம்பியின் மின்தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுத்தால் வழியில் இழப்பது 1 வோல்ட். 12 வோல்ட்டில் 11 போய்ச் சேரும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் 0.6 ஆம்பியர் வேண்டும். இழப்பு 3 வோல்ட், மிஞ்சுவது 9. கேமரா படுத்துவிடும். மின்வழங்கியைக் கேமராவுக்கு அருகே வைத்தால் தீர்ந்தது. வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாடநூல் கணக்கைவிடப் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்கிறார்கள்.

கேபிள் வாங்கும்போது முனையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளியாக மின்னினால் செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு, மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் போகும் அமைப்புக்கு அது ஆகாது.

கம்பியைக் கொண்டுபோகும் வழியிலும் கவனம் தேவை. 230 வோல்ட் வயர் போகும் அதே குழாயில் இதைச் செருகக் கூடாது. படத்தில் கோடு விழுவது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கட்டும். வெளிச்சுவரிலிருந்து அறைக்குள் நுழையும் இடத்தில் கம்பியை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. குழாயின் வாயை அடைக்க மறந்தோம். அணில் கடித்து ஐந்தாம் எண் கம்பியை மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது தலைமையாசிரியர் அறையில் ஒரு நோட்டு இருக்கிறது. கேமரா எண், இடம், கம்பியின் நீளம், சுவிட்சில் எத்தனையாவது துளை, கடைசியாகத் தொட்டவர் யார், எந்தத் தேதி. பெட்டியைத் திறக்கும் யாரும் அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் பொறுப்பாசிரியர் திரையைப் பார்த்து, எட்டுக் கட்டமும் தெரிகிறதா என்று குறிக்கிறார். திங்கட்கிழமைகளில் முந்தைய நாளின் பதிவை ஒரு நிமிடம் ஓட்டியும் பார்க்கிறார். திரையில் படம் ஓடினாலே வன்தட்டில் பதிவாகிறது என்று நம்பிவிட முடியாது.

உங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர்களோ நன்கொடையாளர்களோ கேமரா தர முன்வந்தால், எத்தனை கேமரா என்று பேசும்போதே கம்பிக்கும் குழாய்க்கும் தனியாக ஒரு தொகை கேளுங்கள். பொருத்துபவரிடம் இரு முனைகளிலும் எண்ணும், கையால் வரைந்த படமாவது ஒன்றும் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.