நூலா, பேனாவா, ஸ்டெதஸ்கோப்பா?

கொரியக் குழந்தையின் முதல் பிறந்தநாளும் ஹைதராபாத் வீடுகளின் அன்னப்பிராசனமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நீ என்ன ஆகப்போகிறாய்?

ஹைதராபாதின் தெலுங்குக் குடும்பங்களில் அன்னப்பிராசனம் என்றால் விருந்தினர்கள் சாப்பாடு முடிந்தும் கிளம்புவதில்லை. ஆறு மாதக் குழந்தையின் நாக்கில் பாயசத்தைத் தொட்டு வைப்பது சடங்கின் முதல் பாதி. சுவாரசியம் அதற்குப் பிறகுதான். விரித்த துணியில் புத்தகம், பேனா, தங்க நகை, பணம், பூ, கத்தி என்று பொருட்களைப் பரப்பிவிட்டு, குழந்தையைச் சற்றுத் தள்ளி விடுகிறார்கள். அது தவழ்ந்துபோய் எதைத் தொடுகிறதோ அதுவே அதன் எதிர்காலம். பேனா என்றால் படிப்பு. நகை என்றால் செல்வம். கத்தி என்றால் வீரம்.

இதே காட்சியைத் தென் கொரியாவில் பார்த்தால் தெலுங்குப் பாட்டி ஒருவர் அதிசயப்பட மாட்டார். அங்கே இது முதல் பிறந்தநாளன்று நடக்கிறது. விழாவுக்கு டோல்ஜான்சி என்று பெயர். பொருளை எடுக்கும் சடங்கு டோல்ஜாபி. கைகளில் பல வண்ணப் பட்டைகள் போட்ட ஹான்போக் உடையில் குழந்தை உட்கார, எதிரே நூல்கண்டு, அரிசி, பணம், புத்தகம், தூரிகை, வில் அம்பு. சீனாவிலும் வியட்நாமிலும் இதே வழக்கம் உண்டு. கொரிய அரண்மனையும் இதற்கு விலக்கல்ல. 1791இல் ஜியோங்ஜோ மன்னர் தன் மகனின் முதல் பிறந்தநாளை இப்படித்தான் கொண்டாடினார். மனித வாழ்க்கையின் கட்டங்களை வரிசையாகத் தீட்டிய அக்கால ஓவியத் திரைகளில் முதல் காட்சியே இந்த விழாதான்.

கொரியர்கள் இன்று தென்னிந்தியாவுக்கு அந்நியர்கள் அல்லர். ஹூண்டாய் 1996இல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. 1998இல் அங்கிருந்து சான்ட்ரோ வந்தது. அதே நிறுவனத்தின் பொறியியல் மையம் 2006இல் ஹைதராபாதில் அமைந்தது. ஆந்திரத்தின் பெனுகொண்டா அருகே கியா தொழிற்சாலை 2019இல் உற்பத்தியைத் தொடங்கியது. என்ஜினியர்களுடன் குடும்பங்களும் வந்தன, குடும்பங்களுடன் சடங்குகளும்.

பிழைத்த குழந்தைக்கு விழா

முதல் பிறந்தநாளுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? காரணம் வேடிக்கையானதல்ல. பிறந்த குழந்தை ஓராண்டைத் தாண்டுமா என்பது ஒரு காலத்தில் நிச்சயமில்லாத விஷயம். அதனால்தான் கொரியர்கள் முதலில் 100ஆம் நாளைக் கொண்டாடினார்கள். பிறகு ஓராண்டு. பிள்ளைப்பேற்றைக் காக்கும் பாட்டித் தெய்வமான சம்சின்னுக்குச் சோறும் கடற்பாசி சூப்பும் படைப்பது வழக்கம். பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியமாகத் தருவதும் இதே சூப்தான்.

விருந்தின் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேண்டுதல். வெள்ளை அரிசிமாவை ஆவியில் வேகவைத்த கேக், தூய்மைக்கும் நீண்ட ஆயுளுக்கும். சிவப்புப் பயறு போர்த்திய சோள உருண்டை, கெட்ட சக்திகளை விரட்ட. நம் ஊரில் திருஷ்டி கழிக்க ஆரத்தித் தட்டில் கலக்கும் சிவப்பு நினைவுக்கு வரலாம். பலகாரத்தை அக்கம்பக்கத்தாருக்கு அனுப்புவார்கள். பெற்றவர்கள் தட்டை வெறுமனே திருப்பித் தருவதில்லை. பணமோ நூலோ வைத்துத் தருவது மரபு.

இந்தியாவிலும் அந்த அச்சம் பழங்கதை அல்ல. 1971இல் இங்கே பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. தெலங்கானாவில் 21, தமிழ்நாட்டில் 13. தென் கொரியாவில் மூன்றுக்கும் குறைவு.

மோதிரம் போன வழி

விழாவுக்கு வருபவர்கள் குழந்தைக்குத் தங்க மோதிரம் பரிசளிப்பார்கள். வழக்கமான எடை ஒரு டோன், அதாவது 3.75 கிராம். நம் கணக்கில் அரை சவரனுக்குச் சற்றுக் குறைவு. ஆசை மட்டுமல்ல, ஆபத்துக்கு உதவும் சேமிப்பும்கூட. ஆபத்து வந்தது. 1997இன் இறுதியில் கொரியப் பொருளாதாரம் சரிந்து சர்வதேச நிதியத்திடம் கையேந்தியபோது, மக்கள் தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ 35 லட்சம் பேர், 227 டன். அந்தக் குவியலில் திருமண மோதிரங்களோடு பிள்ளைகளின் பிறந்தநாள் மோதிரங்களும் இருந்தன. 1991இல் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை அடகு வைத்ததை மறக்காத இந்தியர்களுக்கு அந்த வேதனை புரியும்.

மாறிய தட்டு

குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் தட்டில் இருப்பவையும் மாறிவிட்டன. முன்பு ஆண் குழந்தைக்கு வில் அம்பு; பெண் குழந்தைக்கு அளவுகோல், கத்தரிக்கோல், ஊசி. இன்று பல வீடுகளில் அந்தப் பிரிவு இல்லை. டாக்டராக ஸ்டெதஸ்கோப், நீதிபதியாகச் சுத்தியல், பாடகராக மைக், விளையாட்டு வீரராகப் பந்து. அமீர்பேட்டையின் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களால் பெயர்பெற்ற ஹைதராபாதுக்கு இந்தக் கனவுகள் புதியவை அல்ல. ஆயுளைக் கேட்ட சடங்கு இப்போது வேலையைக் கேட்கிறது. குழந்தை எதை எடுக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுகிறார்களோ, அது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்படுகிறது.

விழா வளர, கொண்டாடப் பிள்ளைகள் குறைகிறார்கள். 2023இல் ஒரு கொரியப் பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 0.72. உலகிலேயே மிகக் குறைவான அளவுகளில் ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் அது 1.8, ஆந்திரத்தில் 1.7. மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1ஐ விட இவை கீழே. வீட்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றாகிவிட்ட பிறகு, முன்பு பல பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட எதிர்பார்ப்பு முழுவதும் ஒரே ஜோடிப் பிஞ்சுக் கைகளில் வந்து விழுகிறது.

ஆனாலும் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் கொரியர்கள் இன்னமும் நூல்கண்டை வைக்கிறார்கள். குழந்தை அதை எடுத்தால் தாத்தா பாட்டிகளின் கைதட்டல் பலமாகவே இருக்கிறது. நூலுக்குப் பொருள் நீண்ட ஆயுள் ஒன்றுதான். எந்த வேலையும் அதோடு வருவதில்லை. குழந்தைக்கு இது எதுவும் தெரியாது. கையில் அகப்பட்டது நூலோ பேனாவோ, முதலில் அது போவது வாய்க்குத்தான்.