சாச்சாவின் ரேடியோ செட்

சாய்ந்தமருதுக் கரையில் படகு வைத்திருக்கும் என் சாச்சா, பொலித்தீன் பையில் சுற்றிய கையடக்கத் தொலைபேசியோடுதான் கடலுக்குப் போவார். படகில் ஒரு ரேடியோ செட்டும் பூட்டியிருக்கிறது. “போன் இருக்குத்தானே சாச்சா, இது என்னத்துக்கு?” என்று கேட்டேன்.

“போன்ல ஒருத்தனத்தான் கூப்பிடலாம் மகள். அவன் உறங்கிட்டான் எண்டா?”

ரேடியோவில் இலக்கம் அழுத்துவதில்லை. ஒரே சனலைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் பேச்சுக் கேட்கும். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். சண்டை பிடிப்பதென்றாலும் முறை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்!

இந்தத் திறந்த பேச்சைப் பிரசித்தமாக்கியவர்கள் அமெரிக்க லொறிச் சாரதிகள். 27 மெகாஹேட்ஸில் இயங்கும் ‘சிபி’ ரேடியோ, 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது அவர்களிடையே வேகமாகப் பரவியது. எங்கே டீசல் உண்டு, எங்கே பொலிஸ் நிற்கிறது என்று ஒருவர் சொல்ல, பின்னால் வரும் முகமறியாதவர்கள் கேட்டுக்கொண்டார்கள். 19ஆம் சனல் சாரதிகளுடையது. 9ஆம் சனல் அவசர உதவிக்கு. கையடக்கத் தொலைபேசி வந்தபின் அந்தப் பேச்சுக் குறைந்துவிட்டது.

போனையும் குறை சொல்வதற்கில்லை. 1997 முதல் 2001 வரை கேரளக் கரையோரத்தில் போன் பரவியதை ரொபட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். மீனவர்கள் கடலில் நின்றபடியே விலை விசாரித்து, நல்ல விலையுள்ள கரைக்குப் படகைத் திருப்பினார்கள். வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றது. அவர்களின் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது. மீன் விலையோ 4 வீதம் குறைந்தது. சாச்சாவும் கல்முனைச் சந்தை விலையைப் போனில்தான் கேட்கிறார். ரேடியோவில் கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே!

ஆனால் போனுக்குக் கரையிலுள்ள கோபுரம் வேண்டும். தூரம் போனால் சிக்னல் அறுந்துவிடும். சாச்சாவின் வீஎச்எப் செட்டுக்குக் கோபுரம் தேவையில்லை. அலை படகிலிருந்து படகுக்கு நேராகப் போகும். பூமி வளைந்திருப்பதால் அன்டெனாவின் உயரம் முக்கியம். இரு படகிலும் அது கடல்மட்டத்திலிருந்து 4 மீற்றர் உயரமென்றால், ஏறக்குறைய 16 கிலோமீற்றர் வரை கேட்கும். நாட்கணக்கில் ஆழ்கடலில் நிற்கும் படகுகள் அதிர்வெண் குறைந்த செட்டைப் பாவிக்கின்றன. அந்த அலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டும். பௌதிகவியல் பாடத்தில் மனனம் செய்தது கடலில் உயிர் காக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

வீஎச்எப்பில் 16ஆம் சனல், அதாவது 156.8 மெகாஹேட்ஸ், உலகெங்கும் கடலில் ஆபத்து அழைப்புக்கு உரியது. ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், நிற்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும்.

இப்போது சிலர் செலவு மிச்சமென்று செட் இல்லாமலே போகிறார்கள். சிலர் பற்றரி இறங்குமென்று அணைத்து வைக்கிறார்கள். உங்கள் வாப்பாவோ காக்காவோ கடலுக்குப் போகிறவராயின், ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் நடுக்கடலில் சாச்சாவின் இயந்திரம் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. செட்டில் கூப்பிட்டார். மருதமுனைப் படகொன்று பதில் தந்து, கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்தப் படகுக்காரரின் போன் இலக்கம் அன்றுவரை சாச்சாவிடம் இருக்கவில்லை.