இருபத்திரண்டு வெள்ளி ரூபாய்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வட்டாரத்தில் இன்று பிரயாணம் செய்வோர் கண்ணில் முதலில் படுவன மோட்டார்த் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள்தாம். அம்மதில்களுக்குச் சற்று அப்பால் வடக்குப்பட்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் தொல்லியல் துறையினர் அங்கே மண்ணை அகழ்ந்து பார்த்தனர். கற்கால மனிதன் செதுக்கிய கருவிகளும், சங்க காலத்துச் செங்கற் கட்டடத்தின் பகுதியும், தங்க அணிகளும் வெளிப்பட்டன. அவற்றோடு ரோமாபுரியிலிருந்து வந்த சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன.

அந்நாளில் ரோமர் நம்மிடம் விற்றது கொஞ்சம், வாங்கியது அதிகம். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துகிலுக்கும் ஈடாக அவர்கள் பொன்னும் வெள்ளியுமாகக் கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர், வருஷந்தோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசுகளை இந்தியா உறிஞ்சிவிடுகிறதென்று மனம் நொந்து எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் பொய் இல்லை. அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் சக்கரவர்த்திகளின் வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து குடம் குடமாக அகப்பட்டிருக்கின்றன. எழும்பூர் மியூஸியத்தில் இத்தகைய காசுகளை இன்றும் காணலாம்.

இந்தப் பழைய கதை ஏறக்குறைய 1,900 வருஷங்களுக்குப் பிறகு மறுபடியும் ஒரு தடவை நடந்தது. இம்முறை இந்தியாவுக்கு வந்தது அமெரிக்க டாலரின் வெள்ளி. அதற்குச் சாட்சி எங்கோ மண்ணுக்கடியில் இல்லை. நேயர்களில் பலருடைய வீட்டிலே, பாட்டி வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியின் அடியில், துணியில் முடிந்து கிடக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த வெள்ளி ரூபாயைத்தான் சொல்கிறேன்.

அந்த முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு ரூபாயும் 180 கிரெயின், அதாவது சரியாக ஒரு தோலா எடையுள்ளது. இன்றைய அளவில் 11.66 கிராம். வைத்தியர்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று மருந்துக்கு அளவு சொன்னது இதை வைத்துத்தான். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு பங்கே கலப்பு. பின்புறத்தில் வருஷம் இருக்கும். அடியிலுள்ள தாமரைப் பூவுக்குக் கீழே மிகச் சிறிய புள்ளி ஒன்று இருந்தால் அது பம்பாயில் அச்சானது. புள்ளி இல்லாவிட்டால் கல்கத்தாவில் அச்சானது. 1911 முதல் 1920 வரை வருஷத்துக்கு இரண்டு. 1921-லும் 1922-லும் பம்பாய் ரூபாய் மட்டும். ஆக, மொத்தம் 22 நாணயங்கள் சேர்ந்தால் இந்த வரிசை பூர்த்தியாகிவிடும்.

இருபத்திரண்டுதானே என்று சுலபமாக எண்ணிவிட வேண்டாம். முதல் காசிலேயே தடை வரும். 1911-ஆம் வருஷத்து ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு யானை உருவம் உண்டு. அச்சுச் செதுக்கியவர் அதன் துதிக்கையைக் குட்டையாக்கிவிட்டார். பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தோன்றியது! முஸ்லிம்கள் மனம் புண்பட்டார்கள். சர்க்கார் அந்த ரூபாயை வெளியிடுவதை நிறுத்தி, அச்சான பெரும் பகுதியை உருக்கிவிட்டு, 1912-ல் யானைக்குத் திருத்தமான துதிக்கை வைத்தார்கள். ஆகையால் 'பன்றி ரூபாய்' என்று பெயர் பெற்ற அந்த 1911 எளிதில் அகப்படுவதில்லை. 1915-ம் 1922-ம் அப்படியே. ஆனால் 1918, 1919 இரண்டும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இருக்கும். 1915-ல் இரண்டு சாலைகளிலும் சேர்ந்து அச்சானது சுமார் ஒன்றரைக் கோடி. 1918-லோ 41 கோடிக்கு மேல்! இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

1914-ல் தொடங்கிய யுத்தம் ஐரோப்பியருடையது. ஆனால் அதற்குத் தோலும் சணலும் தானியமும் ஆட்களும் நம் நாட்டிலிருந்து சென்றன. அவற்றுக்கெல்லாம் இங்கே ரூபாயாகப் பட்டுவாடா செய்ய வேண்டியிருந்தது. வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 1917 நவம்பர் 30-ந் தேதி சர்க்கார் முதன் முதலாக ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டனர். ஜனங்கள் அந்தக் காகிதத்தை நம்பவில்லை. "நோட்டு வேண்டாம், வெள்ளியைக் கொடு" என்று கேட்கலானார்கள். 1918-ன் தொடக்கத்தில் கஜானாவிலிருந்த வெள்ளி கரைந்து, வாக்குத் தவறிவிடும் நிலைமை வந்துவிட்டது. பீரங்கிக்கு அஞ்சாத சாம்ராஜ்யம், நோட்டை மாற்ற வந்த மளிகைக் கடைக்காரருக்கு அஞ்சியது!

அப்போது பிரிட்டிஷார் அமெரிக்காவிடம் கை நீட்டினார்கள். அமெரிக்கக் கஜானாவில் கோடிக்கணக்கான வெள்ளி டாலர்கள் மூட்டை மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் நிறைவேறியது. அதன்படி 27 கோடிக்கு மேற்பட்ட டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் சுமார் 25 கோடியே 90 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்கென்று பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டே கால் ரூபாய் அடிக்கலாம். கணக்குப் பார்த்தால் 58 கோடி ரூபாய்க்குப் போதுமான வெள்ளி அது. உங்கள் பெட்டியிலுள்ள 1919-ஆம் வருஷத்து ரூபாய், அதற்கு முந்திய பிறவியில் அமெரிக்க டாலராக இருந்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் 1878 முதல் 1904 வரையிலும், மறுபடி 1921-லும் அச்சான மார்கன் டாலர்களை வரிசையாகச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டவர்கள் ஏராளம். உருக்கும்போது எந்த வருஷத்து டாலர் எத்தனை உருகியது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆகையால் எவ்வளவு அச்சாயிற்று என்று தெரிந்தும், எவ்வளவு மிஞ்சியது என்று அவர்களால் நிச்சயிக்க முடிவதில்லை. அவர்கள் வரிசையிலுள்ள இடைவெளியைத் தோண்டினால், நம் நாட்டு மளிகைக் கடைக்காரரின் அவநம்பிக்கையில் போய் முடியும்!

டாலர் இங்கே உருகி வந்ததோடு நிற்கவில்லை. இங்கே அச்சாகி வெளியே போனதும் உண்டு. 1895 முதல் 1935 வரை, கீழ்த்திசை வியாபாரத்துக்காகப் பிரிட்டிஷ் டாலர்கள் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான் அச்சாயின. சூலமும் கேடயமும் ஏந்திய பிரிட்டானியா ஒரு புறம். சீன எழுத்தும் மலாய் எழுத்தும் மறுபுறம். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம்மவர்கள் டாலரை 'வெள்ளி' என்றே அழைத்தார்கள். அங்குள்ள தமிழர் நாவில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. அக்கரையிலிருந்து திரும்பியவர்கள் குடும்பத்தில் இந்தப் பெரிய காசு ஒன்றிரண்டு இருந்தால் ஆச்சரியமில்லை.

இனி, சேர்த்த நாணயத்தைத் தரம் பிரிப்பது எப்படி? காசில் முதலில் தேய்வது மேடான பகுதி. மன்னரின் கிரீட மணிகள், காது, தாடி, அங்கியிலுள்ள யானை ஆகிய இவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் கூர்மையாக இருந்து, சாய்த்துப் பிடித்தால் ஒளி சக்கரம்போல் சுழன்றால், அந்தக் காசு புழக்கத்துக்கே வரவில்லை. மேடுகளில் மட்டும் லேசாகப் பளபளப்பு மங்கியிருந்தால் அது இரண்டாந்தரம். மணிகள் ஒன்றோடொன்று கலந்து, யானை நிழலாகிவிட்டால் நடுத்தரம். முகம் வெறும் விளிம்பாக நின்றால் கடைத்தரம். 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை எண் வகுத்தார். இப்போது மற்ற நாணயங்களுக்கும் அது அளவுகோலாகப் பயன்படுகிறது. 60-க்கு மேற்பட்டவை புழங்காதவை.

ஆனால் நம் வீடுகளில் தரத்தைக் கெடுப்பது புழக்கம் அல்ல, புளிதான்! குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் விபூதியும் போட்டுக் காசைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிடுகிறோம். நூறு வருஷமாக அதன்மேல் படிந்த கருமை, தோல் போன்றது. அதை உரித்துவிட்டால் திரும்ப வராது. நுண்ணிய கீறல்கள் விழுந்து, உயர்ந்த காசும் கடைத்தரத்துக்கு இறங்கிவிடும். காசுமாலைக்காகக் கண் வைத்துப் பற்றிய ரூபாயும் அப்படியே. பிசுக்கு இருந்தால் சுத்த ஜலத்தில் நனைத்து, துடைக்காமல் ஒற்றி எடுத்தால் போதும். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். போலிகள் மலிந்துவிட்டபடியால், விலை கொடுத்து வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள். காந்தம் காட்டிப் பாருங்கள். வெள்ளியைக் காந்தம் இழுக்காது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. அஸ்திவாரம் தோண்டும்போது பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால், 1878-ஆம் வருஷத்துச் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் கடந்த நாணயம் 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். அதை நம் இஷ்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

1940-ல், மற்றொரு யுத்தத்தின் நடுவே, ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் அதுவும் போய் நிக்கல் வந்தது. இன்று வெள்ளியின் விலை ஏறும்போதெல்லாம், பழைய ரூபாயைப் பத்தரிடம் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள். குடும்பத்துக்கு முடை வந்தால் விற்பதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் விற்குமுன் வருஷத்தையும் புள்ளியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 1919 போனால் இன்னொன்று கிடைக்கும். 1911-ஐ உருக்கிவிட்டால் திரும்புமா?

அந்தக் காசிலுள்ள மன்னரின் முகம் நமக்கு வேண்டாததாயிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைத் தேய்த்தவை நம்மவர் விரல்கள். நெல் விற்றவர், கூலி வாங்கியவர், மகளுக்குச் சீர் வைத்தவர் என்று எத்தனையோ பேர் கை பட்டது அது. தரம் என்பது அந்தக் கைகளின் கணக்கேயாகும். வடக்குப்பட்டில் வெறும் சாடி ஓட்டின்மேல் ஒட்டிய மண்ணைக்கூடத் தூரிகையால் மெல்ல மெல்ல நீக்கினார்கள். பாட்டியின் பெட்டியைத் திறக்கும்போது, புளியைக் கொஞ்சம் எட்டவே வைத்துவிடுங்கள்.