பேறுகால மருத்துவச்சியிடம் பேசிய கதைசொல்லி

1933-இல் சோவியத் நாட்டில், 'சிறப்புமிக்க மனிதர்களின் வாழ்க்கை' என்ற பழைய நூல்வரிசைக்கு மாக்சிம் கார்க்கி புத்துயிர் கொடுத்தார். அதற்காக பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் வாழ்க்கையை எழுதித் தந்தவர் மிகயீல் புல்ககோவ்.

அந்த நூலின் தொடக்கம் அருமையானது. பெரிய பைகள் வைத்த பழங்காலச் சட்டை, கையில் இறகுப் பேனா, எதிரே மெழுகுவர்த்திகள். இப்படியொரு கதைசொல்லி, குழந்தை மொலியேரை ஏந்தி நிற்கும் மருத்துவச்சியிடம், பத்திரமாகப் பிடியுங்கள் அம்மா என்று கெஞ்சுகிறான்.

பதிப்பாசிரியருக்கு அவனைப் பிடிக்கவில்லை. வரலாற்றை மார்க்சிய நோக்கில் சொல்லும் பொறுப்பான ஆய்வாளர் வேண்டும் என்றார். சோவியத் நடப்பைச் சாடும் குறிப்புகளும் உள்ளே தெரிவதாகச் சொன்னார். அரசனின் தயவை நம்பிப் பிழைத்த, நாடகத் தடைக்கு ஆளான கலைஞனின் கதையல்லவா! புல்ககோவும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார். ஆனாலும் திருத்தி எழுத மறுத்துவிட்டார்.

1940-இல் அவர் காலமானார். அந்தப் புத்தகம் 1962-இல், முன்பு நிராகரித்த அதே வரிசையில் வெளியானது, நேயர்களே. அப்போதும் சில பகுதிகளை வெட்டித்தான் அச்சிட்டார்கள்.