முடங்கிய கைக்கு மீண்டும் பிடிமானம்

கழுத்தில் அடிபட்டுக் கை, கால் நான்கும் செயலிழந்தவர்களிடம் ‘எது திரும்பினால் வாழ்க்கை மேம்படும்?’ என்று கேட்டார் அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேர் முதலிடம் கொடுத்தது கைக்கும் விரலுக்கும்தான். தானே சாப்பிட, பல் துலக்க, சட்டைப் பொத்தான் போட, சக்கர நாற்காலியை உருட்ட, எல்லாவற்றுக்கும் கை வேண்டும்.

அந்தக் கைக்குக் கத்தி வைக்காமலே வலு சேர்க்க முடியும் என்று இப்போது மருத்துவ உலகம் காட்டியிருக்கிறது.

தண்டுவடத்தில் காயம் பட்டால் எல்லா நரம்பும் அறுந்துபோய்விடுவதில்லை. பலருக்குச் சில நரம்பிழைகள் காயத்தைத் தாண்டியும் பிழைத்திருக்கும். மூளையின் கட்டளை அவற்றின் வழியே இறங்குகிறது. ஆனால், தசையை நன்கு அசைக்கும் அளவுக்குப் பெரும்பாலும் அதற்கு வலு போதாது. காயத்துக்குக் கீழே ஓரளவு உணர்வோ அசைவோ மிஞ்சியிருந்தால், அதை மருத்துவர்கள் ‘முழுமையற்ற காயம்’ என்கிறார்கள். புதிய சிகிச்சைகள் நம்பியிருப்பது இந்த மிச்சத்தைத்தான்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஆன்வர்ட் மெடிக்கல் நிறுவனத்தின் கருவி ‘ஆர்க்-எக்ஸ்’. பிடரியில் ஒட்டும் பட்டைகள் வழியாக இது மின்துடிப்புகளைச் செலுத்துகிறது. துடிப்புக்குள் மின்னோட்டம் விநாடிக்கு 10,000 முறை அலைவதால், தோல் அதிகம் வலிக்காமலே வலுவான மின்சாரத்தை உள்ளே அனுப்ப முடிகிறது. அது தண்டுவடத்துக்குள் நுழையும் உணர்வு நரம்புகளைத் தூண்ட, அங்குள்ள நரம்பணுக்கள் விழிப்பு நிலைக்கு வருகின்றன. அதுவரை எட்டாதிருந்த மூளையின் மெலிந்த கட்டளை இப்போது தசைவரை போய்ச் சேருகிறது. மின்சாரம் பாயும்போதே நோயாளி சிறு பொருளைக் கிள்ளி எடுத்து, பிடித்து, விட்டுப் பயிற்சி செய்கிறார்.

இக்கருவியைச் சோதித்த ‘அப்-லிஃப்ட்’ ஆய்வு 2024 மே மாதம் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. ஆய்வை நிறைவு செய்த 60 பேரும் முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும் செய்தார்கள். அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்தூண்டலும் சேர்ந்தது. 72 சதவீதம் பேருக்குக் கையின் வலுவும் செயல்திறனும் கூடின. அவர்களில் காயம் பட்டுப் பல்லாண்டு கடந்தவர்களும் உண்டு. கருவியால் கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை. போலித் தூண்டல் கொடுத்து ஒப்பிடும் தனிக் குழு இல்லாதது இந்த ஆய்வின் குறை. 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இக்கருவிக்கு அனுமதி வழங்கியது.

இன்னொரு வழி மூளையிலிருந்து தொடங்குகிறது. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து, மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். இதோடு கை நரம்பிலும் ஒரு மின்துடிப்பைக் கொடுத்தால் இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கும். மூளையின் துடிப்பு ஓரிரு மில்லிவிநாடி முந்தி வந்தால், அந்த நரம்பு இணைப்பு வலுப்பெறுகிறது. காயம் பட்டவர்களின் கையில் இதைச் செய்து பலன் கண்டதாக ஆய்வாளர் மோனிகா பெரெஸும் அவருடைய சகாவும் 2012-ல் அறிவித்தனர். இந்த முறை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

இரண்டிலும் முறிந்த தண்டுவடம் ஒட்டிவிடுவதில்லை. பயிற்சி இல்லாத தூண்டலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இறுகிப்போன மூட்டும் சுருங்கிய தசையும் எந்த மின்சாரத்துக்கும் எளிதில் இணங்காது. ஆகவே, வீட்டில் தண்டுவடக் காயம் பட்டவர் இருந்தால், ஆண்டுகள் ஓடிவிட்டன என்று பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் மின் மசாஜ் கருவியைக் கழுத்தில் ஒட்டிப் பார்க்கவும் வேண்டாம். வலிப்பு நோய், பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு, மறுவாழ்வு மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள்.