உங்களுக்குத் தெரியுமா? ஆழித்தேருக்கும் பிரேக் உண்டு!

திருவாரூர் தியாகராசர் கோயில் ஆழித்தேர், அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். இத்தனை கனத்தை வடம் பிடித்து இழுப்பதைவிட, நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் பெரிய வித்தை. அந்த வேலையைக் காலங்காலமாகப் பார்ப்பது முட்டுக்கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய மரக்கட்டைதான் அது. சக்கரத்தை ஒட்டியே நடந்துவரும் ஆள், உருளும் சக்கரத்தின் அடியில் அதைச் சரியான நொடியில் கொடுக்க வேண்டும். பிந்தினால் தேர் தாண்டிவிடும். கை உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

வலச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் தேர் வலப்பக்கம் திரும்பும். ஆக, பிரேக்கும் அதுவே, ஸ்டியரிங்கும் அதுவே. 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸ் சொகுசுக் காரில் வந்த இ.எஸ்.பி. என்ற மின்னணு நிலைப்பு அமைப்பு செய்வதும் இதைத்தான்: வண்டி தடம் மாறிச் சறுக்கினால், ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்குகிறது. நம்மூர்க்காரர்களின் கைக்கணக்கை அங்கே கணினி போடுகிறது.

பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. காரில் இருப்பதும் அதே தத்துவம்தான்: அழுத்தத்தைக் கடத்துவது திரவம். ஆனால் காரின் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்திலான புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாக அமுங்கும், வண்டி நிற்காது. வேகமான, கனமான கார் வைத்திருப்பவர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.